வடக்கு வீதியில் ஒரு மீன்முள்

பனையாவெளிப் பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒன்று. அவரைப் பரிபாலிக்கிற சபைக்குக் கைகள் பதினேழு. அந்தக் கைகள் ஒருசேர உயர்ந்தால் அது தீர்மானம். உயர்ந்த கை கீழே இறங்குமுன் அது தெய்வ வாக்காகிவிடும். பிள்ளையார் இதுவரை எந்தத் தீர்மானத்தையும் எதிர்க்கவில்லை என்பதைச் சபையின் தலைவர் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் நன்றியோடு நினைவுகூருவார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு இந்தச் சபையிடம் அகப்பட்டுக்கொண்டவன் பஞ்சலிங்கம். கோவிலின் வடக்கு வீதியில் வீடு. நீர்வேலிப் பக்கம் வாழைத்தோட்டம். விடிந்தால் வாழை, பொழுதுபட்டால் வீடு என்று இருந்த மனுசன். அவனுடைய மனைவி குணலட்சுமிதான் ஊரோடு ஒட்டிய ஆள். எந்தத் திருவிழாவுக்கு யார் என்ன நிறத்தில் சேலை கட்டினாள், எந்தக் கலியாணத்தில் பாயாசம் கரித்தது, எந்தச் செத்தவீட்டில் யார் பொய்யாக அழுதாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. முந்தின வருடம் கிணற்றடியில் விழுந்த ஒரு ஷெல்லின் துண்டு அவளுடைய வலது காலை எடுக்காமல் எடுத்துவிட்டது. கால் இருந்தது, ஊன்ற முடியவில்லை. அன்றிலிருந்து அவளுடைய ஊர் ஒரு ஜன்னலும் ஒரு வேப்பமரமுமாகச் சுருங்கிப்போயிற்று.

கொழும்பில் இருந்த அவளுடைய தம்பி ஒரு சின்ன ரீவியை லொறியில் அனுப்பிவைத்தான். ரீவியோடு வந்த இரட்டைக் கம்பியை விரித்து, மடக்கி, கூரைக் கைமரத்தில் கட்டிப் பார்த்தார்கள். திரையில் நெற்பொரி பொரிந்தது. பொரிக்கு நடுவில் யாரோ செய்தி வாசித்தார்கள். அது ஆணா பெண்ணா என்பதில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

“வெளியிலை ஒரு அன்ரெனா போட்டால்தான் சரி,” என்றாள் குணலட்சுமி.

பஞ்சலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பட்டினத்துக்குப் போனான். றஊப் நானாவின் கடை முகட்டில் அன்ரெனாக்கள் வௌவால்களைப் போல வரிசையாகத் தொங்கின. பஞ்சலிங்கம் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். வாழையில் கதலி எது, இதரை எது என்று இருட்டிலும் தடவிச் சொல்லிவிடுவான். இதில் ஒன்றும் விளங்கவில்லை.

“உது அஞ்சு முள்ளு அண்ணை,” என்றார் நானா. “கொழும்பு பிடிக்கும். அங்காலை எட்டு. எட்டு முள்ளு கொழும்பையும் ஒழுங்காப் பிடியாது, இந்தியாவையும் ஒழுங்காப் பிடியாது. அதை நான் மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்கிறவைக்குத்தான் விக்கிறனான். பதினொரு முள்ளும் ஒரு பூஸ்ரரும் போட்டியளெண்டால் கொடைக்கானலிலை இருந்து விடுற இந்திய ரீவி துலக்கமா வரும். முள்ளுக் கூடக்கூட இந்தியா கிட்ட வரும். வீட்டிலை ஆர் பாக்கிறது?”

“மனுசி. அவவுக்கு நடக்க ஏலாது, நானா.”

“என்ன பாக்க விருப்பம் அவவுக்கு?”

பஞ்சலிங்கம் யோசித்தான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனும் அவளிடம் கேட்டதில்லை.

“சனத்தைப் பாக்க விருப்பம்,” என்றான்.

நானா கொக்கத்தடியால் பதினொரு முள்ளை இறக்கினார். “சனமெண்டால் இந்தியாதான் அண்ணை. யோசியாதையுங்கோ.”

தோட்டத்தில் வேலைசெய்கிற இரண்டு பேரோடு சேர்ந்து, நீட்டுக் குழாய் ஒன்றைச் சுவரோடு நாட்டி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, அன்ரெனாவை ஏற்றினார்கள். பஞ்சலிங்கம் கீழே நின்று குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்பினான். உள்ளேயிருந்து குணலட்சுமி கத்திக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் மேற்காலை... இன்னும்... ஐயோ, போட்டுது! திரும்ப விடுங்கோ... அப்பிடியே! அப்பிடியே பிடியுங்கோ! மூச்சு விடாதையுங்கோ!”

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி இரவுகளில்தான் இந்தியாவிலிருந்து தமிழ்ப் படப்பாட்டுகள் வரும். மற்ற நாள்களில் பெரும்பாலும் ஹிந்தி. குணலட்சுமி பாட்டில் வந்த கதாநாயகியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் குடத்தோடு ஆடிய பெண்களைப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, மூண்டாவதா நிக்கிறவளைப் பாருங்கோ. அவளுக்கு ஆட விருப்பமில்லை. வீட்டிலை ஏதோ பிரச்சினை,” என்றாள். பிறகு சிரித்தாள். ஒரு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. பஞ்சலிங்கம் எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

அடுத்த வெள்ளி வருமுன் சபை வந்தது.

முன்னால் தலைவர் சிவசுப்பிரமணியம். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். வீட்டில் உப்புக் கேட்டாலும் அறிக்கை வாசிப்பது போலத்தான் கேட்பார். அவருக்குப் பின்னால் செயலாளர் கதிரவேலு, சட்டம் படிக்காமலே சட்டம் பேசுபவர். அவருக்கும் பின்னால் பொருளாளர் இளையதம்பி. தலைவர் எதைச் சொன்னாலும் “அதுதான்” என்று சொல்வது இளையதம்பியின் பொறுப்பு.

“பஞ்சலிங்கம், நீர் மீன், மச்சம் சாப்பிடுற ஆளோ?” என்று கேட்டார் தலைவர்.

“ஓம் ஐயா. வெள்ளி, செவ்வாய் விட்டு.”

“வெள்ளிக்கிழமை முள்ளை எங்கை போடுறனீர்?”

“வெள்ளிக்கிழமை மச்சமே இல்லையே ஐயா. பேந்தென்ன முள்ளு?”

“அப்ப உது என்ன?”

தலைவர் குடையை நீட்டி வானத்தைக் காட்டினார். பஞ்சலிங்கம் அண்ணாந்து, காகம் ஏதாவது தூக்கிக்கொண்டு போகிறதோ என்று தேடினான். காகம் இல்லை.

“நடு முள்ளு. ரெண்டு பக்கமும் பக்க முள்ளு. ஒரு பாரை மீனைத் திண்டு முடிச்சு, மிச்சத்தைக் குழாயிலை குத்தி, பிள்ளையாற்றை வடக்கு வீதியிலை நாட்டி வைச்சிருக்கிறீர்.”

“ஐயோ, அது அன்ரெனா ஐயா! அலுமினியம்.”

“செருப்பைப் பொன்னிலை செய்தால் தலையிலை வைப்பீரோ?”

“அதுதான்,” என்றார் இளையதம்பி.

பஞ்சலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சபை சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் சிரிப்பை விழுங்கினான். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு வந்து விளக்கம் சொல்லும்படி கதிரவேலு உத்தரவிட்டார்.

“மனுசியையும் கூட்டிக்கொண்டு வாறன் ஐயா. அவதான் வடிவாக் கதைப்பா. ஆசுப்பத்திரியிலை ஒரு சில்லுக் கதிரை தந்தவங்கள்...”

“ஏலாது,” என்றார் கதிரவேலு. “வடக்கு வீதி தெய்வம் உலா வாற வீதி. இந்த வீதியிலை சில்லிலை போற உரிமை தேரிலை வாற பிள்ளையாருக்கு மட்டும்தான். உம்மடை மனுசி படலைக்கு வெளியிலை சில்லை வைச்சால் அது தெய்வத்துக்குப் போட்டி.”

“அப்ப தலைவரையாவின்ரை கார்?”

தலைவரின் பழைய ஒஸ்ரின் கார் தினமும் இரண்டு தரம் அந்த வீதியால்தான் போய்வரும்.

“கார் சில்லிலை ஓடுறேல்லை,” என்றார் கதிரவேலு. “ரயரிலை ஓடுது.”

“சில்லுக் கதிரைக்கும் ரயர் இருக்கு.”

“அது காத்தில்லாத ரயர்.”

“அதுதான்,” என்றார் இளையதம்பி.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த குணலட்சுமி, அவர்கள் போன பிறகு, “இஞ்சாருங்கோ, உவங்களுக்கு உண்மையிலேயே விசரோ, இல்லாட்டி எங்களுக்கோ?” என்று கேட்டாள்.

பொதுக்கூட்டம் தேர் நிறுத்துகிற தேர்முட்டியில் நடந்தது. வழக்கமாக மடத்தில்தான் நடக்கும். மடத்தில் அப்போது இந்திய ஆமி இருந்தது. மடத்து மதிலில் உரித்த ஆட்டுத்தோல் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பிலிருந்து இறைச்சிக் குழம்பின் வாசம் எழுந்து, தேர்முட்டியைச் சுற்றி, கர்ப்பக்கிரகம் வரை போய்வந்தது. சபையோர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்து பழகியிருந்தார்கள். பதினேழு பேருடைய கழுத்துகளும் கிழக்குப் பார்த்தபடியே இறுகிப்போயிருந்தன.

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“மெய்யன்பர்களே! அடியேன் பதவியை நாடியவனல்லன். ஒவ்வோர் ஆண்டும் விலகிக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால், என் இடத்தை ஏற்கத்தக்க பக்குவமுடைய ஒருவர் என் குடும்பத்தில் இன்னும் உருவாகவில்லை. நம் இராசகோபுரம் ஏன் முடியவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். முடிந்த கோபுரம் வெறும் கோபுரம், அன்பர்களே! முடியாத கோபுரம்தான் திருப்பணி! திருப்பணி இருக்கும்வரைதான் சபை இருக்கும். சபை இருக்கும்வரைதான் கோவில் இருக்கும். அந்தக் கோபுரத்திலும் உயரமாக ஒரு மீன்முள் நிற்பதென்றால், அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உறங்குவேன்? இப்போதும் உறங்கவில்லை. மத்தியானத்தில் மட்டும் சிறிது உறங்குகிறேன்.”

கைதட்டல் எழுந்தது.

பஞ்சலிங்கம் மெதுவாகக் கையை உயர்த்தினான். “ஐயா, கோபுரம் கட்டி முடிஞ்சால் என்ரை அன்ரெனாவை விட உயரமா இருக்கும். கோவில் கந்தோரிலை மாட்டியிருக்கிற படத்திலை பாத்தனான்.”

“படத்தை அளவாக எடுக்க முடியாது,” என்றார் கதிரவேலு. “இப்ப எழும்பி நிக்கிற கல்லுத்தான் அளவு.”

எழும்பி நின்ற கல் பஞ்சலிங்கத்தின் கோழிக்கூட்டிலும் கொஞ்சம் உயரம். அதற்கு மேலே துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

கோவில் ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் அதிகம் பேசாதவர். மடியில் விபூதிப் பையை வைத்துத் தடவியபடி, “ஆகமத்திலை அன்ரெனா பற்றி ஒண்டும் சொல்லேல்லை,” என்றார்.

“கேட்டியளோ!” என்றார் தலைவர். “சொல்லாதது விலக்கப்பட்டது.”

“ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒண்டும் சொல்லேல்லை,” என்றார் ஐயர் அதே குரலில்.

அதை யாரும் கேட்கவில்லை.

பஞ்சலிங்கத்துக்கு மூக்கில் குழம்பு வாசம் ஏறியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மடத்துப் பக்கம் கையைக் காட்டினான். “ஐயா, என்ரை முள்ளு அலுமினிய முள்ளு. அங்கை தொங்குறது மெய்யான தோல். அதுக்கு என்ன செய்யிறியள்?”

முதல்முறையாகச் சபை அசைந்தது. தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அது இராசதந்திர விஷயம்.”

“அதுதான்,” என்று இளையதம்பியும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

கைகள் உயர்ந்தன. மற்ற நாள்களில் அன்ரெனா நிற்கலாம். வெள்ளிக்கிழமைகளில், மச்சம் விலக்கிய புண்ணிய நாளாகையால், சூரியன் உதிக்குமுன் இறக்கப்பட வேண்டும். இதைக் கண்காணிக்க முள்ளிறக்கல் துணைக்குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர், சபையின் தலைவர்தான்.

“கிழமையிலை மற்ற நாளெல்லாம் ஹிந்தியிலை மாட்டுக்கு ஊசி போடுறதைப் பாக்கலாம்,” என்றாள் குணலட்சுமி. “பாட்டு வாற அண்டைக்கு மட்டும் அன்ரெனாவுக்கு விரதம். என்ன ஞாயம்!”

ஊரோடு பகைக்கக் கூடாது என்று பஞ்சலிங்கம் பணிந்துபோனான். அது அவனுடைய சுபாவம். முதல் வெள்ளி விடிய நாலு பேரைப் பிடித்து, கம்பிகளை அவிழ்த்து, குழாயைச் சாய்த்து, அன்ரெனாவை மெதுவாக முற்றத்தில் கிடத்தினான். இடுப்புப் பிடித்துக்கொண்டது. துணைக்குழு சுற்றிவர நின்று மேற்பார்வை செய்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காகம் பறந்துவந்து, கிடந்த அன்ரெனாவின் நுனியில் உட்கார்ந்து, தலையைச் சரித்துப் பார்த்தது.

துணைக்குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“காகத்துக்கே விளங்குது!” என்றார் தலைவர்.

“நிக்கேக்கை அது ஒரு கருவி எண்டாவது வாதிக்கலாம்,” என்றார் கதிரவேலு. “கிடந்தால் அது மிச்சம்தான். திண்டுபோட்டு விட்ட மிச்சம். வெள்ளிக்கிழமையிலை உதை முற்றத்திலை வைச்சிருக்கேலாது.”

அதனால் வெள்ளிக்கிழமைகளில் அன்ரெனா கோவில் காவலில் இருப்பதென்று முடிவாயிற்று. நாலு பேர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வீதியில் நின்ற பெண்கள் பாடையோ என்று பயந்து உள்ளே ஓடினார்கள். வாகனசாலையில், பிள்ளையாரின் பெருச்சாளி வாகனத்துக்குப் பக்கத்தில், ஐயர் மஞ்சள் தண்ணீர் தெளித்து அதைக் கிடத்தினார். சனிக்கிழமை காலையில் பஞ்சலிங்கம் போய் மீட்டுக்கொண்டு வந்து மறுபடியும் ஏற்றினான். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கு அடுத்த சனிக்கிழமை போனபோது வாகனசாலையில் பெருச்சாளி தனியே இருந்தது.

பஞ்சலிங்கம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். கோவிலின் பழைய மணிக்கோபுரத்தின் உச்சியில், மணி தொங்குகிற இரும்பு விட்டத்தோடு சேர்த்து முறுக்கிக் கட்டப்பட்டு, பதினொரு முள்ளும் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றன. அங்கிருந்து ஒரு கறுத்த வயர் புறப்பட்டு, வேப்பமரத்தைச் சுற்றி, வீதி முனையில் இருந்த தலைவர் வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்தது.

தலைவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

“ஐயா, என்ரை மீன்முள்ளு மணிக்கோபுரத்திலை நிக்குது.”

தலைவர் இரண்டு காதுகளையும் பொத்தினார். “சிவ சிவா! நாக்கை அடக்கும். அது மீன்முள்ளு இல்லை.”

“நீங்கள்தானே ஐயா...”

“உம்மடை கூரையிலை நிக்கேக்கை அது மச்சம். கோவில் கோபுரத்திலை நிண்டால் அது மச்சாவதாரம்.” தலைவர் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கே அந்த வசனம் பிடித்துப்போயிற்று என்பது முகத்தில் தெரிந்தது. “திருமால் எடுத்த முதல் அவதாரம். திருமால் பிள்ளையாருக்கு மாமன். மாமன் மருமோன்ரை வீட்டிலை வந்து நிக்கிறதிலை ஆருக்கு என்ன குறை?”

“வயர் ஏன் ஐயா உங்கடை வீட்டுக்கை போகுது?”

“அவதாரத்திலை இருந்து அருள் இறங்குது. அதைச் சும்மா நிலத்திலை சிந்த விடலாமோ? ஆரோ ஒருத்தர் பொறுப்பேற்கத்தானே வேணும். நான் பதவியை விரும்பிற ஆளில்லை, உமக்குத் தெரியும்.”

“அப்ப வெள்ளிக்கிழமை இறக்க மாட்டியளோ?”

“அவதாரத்தை இறக்கிறதோ! நீர் படிக்கேல்லை, அதுதான் இப்பிடிக் கதைக்கிறீர்.”

அன்று பின்னேரம் கோவில் ஒலிபெருக்கி ஊர் முழுவதற்கும் அறிவித்தது. வடக்கு வீதி பஞ்சலிங்கம் குடும்பத்தினர் பெருமனதோடு ஆலயத்துக்கு அன்பளிப்புச் செய்த ஒரு திருவுருவம், மணிக்கோபுரத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்டிருக்கிறது.

“நாங்கள் குடுத்தனாங்களோ?” என்று கேட்டாள் குணலட்சுமி.

“ஓமாம்.”

அவள் ரீவியைப் பார்த்தாள். அதில் நெற்பொரி பொரிந்துகொண்டிருந்தது. “நிப்பாட்டி விடுங்கோ,” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். வழியில் காண்கிறவர்கள் எல்லாம் பஞ்சலிங்கத்தின் கையைப் பிடித்து, “நல்ல காரியம் செய்தாய்,” என்றார்கள். ஒவ்வொரு பாராட்டுக்குப் பிறகும் அவன் வீட்டுக் கிணற்றடியில் போய்க் கையைக் கழுவினான். பாலைக் குடித்து முடித்த பிறகு அடியில் செத்துக் கிடந்த இலையானைக் கண்டவனுடைய மனநிலையில் அவன் இருந்தான். சாப்பாடு இறங்கவில்லை. வாழைக்குலை வெட்டும்போதும் அந்தக் குழம்பு வாசம் மூக்கில் நின்றது.

இரண்டு வெள்ளி கழிந்தது. அடுத்த வெள்ளி பொழுதுபட்ட பிறகு குணலட்சுமி கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, மணி கேட்டதோ?”

“எந்த மணி?”

“பூசை மணி. வெள்ளிக்கிழமை விசேட பூசைக்கு இப்ப அடிச்சிருக்க வேணும். நான் காத்துக்கொண்டு கிடக்கிறன்.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “மணி கேக்கேக்கை இதிலை கிடந்தே ஒருக்காக் கும்பிடுறனான். எனக்கு வேறை வழி என்ன இருக்கு? ஐயருக்கு ஏதும் சுகமில்லையோ, ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”

பஞ்சலிங்கம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு போனான். ஐயருக்குச் சுகமில்லாமல் இல்லை. கோவில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏற்றிய பஞ்சாராத்தி. மூடிய தட்டில் மோதகம் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே திரை மூடிக் கிடந்தது. நாலைந்து கிழவர்கள் மண்டபத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்ன ஐயா, பூசை இல்லையோ?”

“பாட்டு முடியேல்லையாம்,” என்றார் ஐயர்.

பஞ்சலிங்கத்துக்கு விளங்கவில்லை. ஐயர் தலைவர் வீட்டுப் பக்கம் தலையை அசைத்தார். ஜன்னலில் நீல வெளிச்சம் ஆடியது. பாட்டுச் சத்தம் தெளிவாகக் கேட்டது. “ரெண்டும் ஒரே விட்டத்திலைதானே கட்டியிருக்கு. போன ரெண்டு வெள்ளியும் நான் மணியை அடிக்க, அங்கை படம் ஆடினதாம். நடிகையின்ரை முகம் கோணிப்போச்சாம். செவ்வாய்க்கிழமை சபை கூடினது. பாட்டு முடியுமட்டும் மணியும் இல்லை, பூசையும் இல்லை. எனக்கு வேலை வேணும் பஞ்சலிங்கம். கட்டிக் குடுக்க ரெண்டு குமர் இருக்கு வீட்டிலை.”

“பிள்ளையாரைக் கேட்டவையோ?”

“அவர் சபையிலை உறுப்பினர் இல்லை.”

தலைவர் வீட்டில் கைதட்டிச் சிரிக்கிற சத்தம் எழும்பியது. விறாந்தையில் சபையோர் நெருக்கமாக உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடத்து ஆமிக்காரர் இருவருக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தது. இளையதம்பி எல்லாருக்கும் பருப்பு வடை பரிமாறிக்கொண்டிருந்தார். அந்த வடையின் எண்ணெய் வாசமும் மடத்து இறைச்சி வாசமும் ஆறிப்போன மோதகத்தின் வாசமும் ஒன்றாய்ச் சேர்ந்து பஞ்சலிங்கத்தின் தொண்டையில் ஏறின. கட்டிலில் கிடந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற குணலட்சுமியை நினைத்தான்.

நேரே போய் மணிக்கயிற்றைப் பிடித்தான்.

மணி அடித்துப் பழகாத கை அது. தண்ணீர் இறைக்கிற கை. கிணற்றுத் துலாவை இழுப்பது போல முழு உடம்பையும் போட்டு இழுத்தான். பனையாவெளி அதுவரை கேட்டிராத ஓர் அடி விழுந்தது. மண்டபத்தில் கிழவர்கள் எழுந்து நின்றார்கள். மேலே மச்சாவதாரம் வாலை ஒருபக்கமும் தலையை ஒருபக்கமுமாக வீசித் துடித்தது. தலைவர் வீட்டிலிருந்து, செத்தவீட்டில் எழும்புகிற மாதிரி ஒரு கூக்குரல் எழும்பியது.

அவன் மறுபடியும் இழுத்தான். மறுபடியும்.

முதலில் ஓடிவந்தவர் கதிரவேலு. வேட்டி அவிழ்ந்து ஒரு கையில். மற்றக் கையில் கடித்த வடை. பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க மற்றவர்கள்.

“விடும் கயித்தை! சபையின்ரை அனுமதி இல்லாமல் மணி அடிக்க நீர் ஆர்?”

பஞ்சலிங்கம் இழுத்தான்.

“கடைசிப் பாட்டு, பஞ்சலிங்கம்! ஒரு பாட்டுத்தான் இருக்கு! அந்தக் கப்பல் பாட்டு!” என்று தலைவர் கெஞ்சினார். அறிக்கை வாசிக்காமல் அவர் பேசி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தன்னை உணர்ந்துகொண்டு நிமிர்ந்தார். “அவசரக் கூட்டம்! இங்கேயே! இப்போதே! இந்த மனிதரை ஆலய வழிபாட்டிலிருந்து நீக்குவதற்கு ஆதரவானவர்கள்...”

கைகள் உயர்ந்தன. பாதிக் கைகளில் வடை இருந்தது. வடையோடு உயர்ந்த கையை எண்ணலாமா கூடாதா என்று கதிரவேலு ஒரு கணம் திகைத்தார். மணிச் சத்தத்தில் எண்ணவும் முடியவில்லை. “அதுதான், அதுதான்!” என்று இளையதம்பியின் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை.

ஐயர் இவ்வளவு நேரமும் படியில் இருந்தவர், மெதுவாக எழுந்தார். சபையைப் பார்த்தார். பஞ்சலிங்கத்தின் கையைப் பார்த்தார். பிறகு பஞ்சாராத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் திரையை இழுத்து விலக்கினார். தீபம் உயர்ந்தது. மண்டபத்துக் கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழக்க தோஷத்தில் சபையோரின் கைகளும் கூம்பின. வடைகள் மணலில் விழுந்தன.

அந்த நேரத்தில் மேலே கட்டு அவிழ்ந்து, அன்ரெனா தலைகீழாகச் சரிந்து, வயரில் தொங்கியது.

“ஐயோ, அவதாரம்!” என்றார் தலைவர்.

“பிள்ளையார் கனநேரமாக் காத்துக்கொண்டிருந்தவர் ஐயா,” என்றான் பஞ்சலிங்கம். அவ்வளவுதான் சொன்னான். கயிற்றை விட்டான். யாரும் அவனைத் தொடவில்லை. கோவில் எல்லை தாண்டுமட்டும் வாயில் ஊறியதை அடக்கிக்கொண்டு நடந்து, வீதி முனைக்கு வந்ததும், தலைவர் வீட்டு மதிலடியில் காறித் துப்பினான். பல நாளாகத் தொண்டையில் நின்றது அது.

வீட்டில் குணலட்சுமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிய கைகள் இன்னும் மடியில் அப்படியே இருந்தன.

“ஐயர் அடிச்சதில்லை உது,” என்றாள். “ஐயற்றை அடியிலை ஒரு தாளம் இருக்கும். ஆர் அடிச்சது?”

பஞ்சலிங்கம் உள்ளங்கைகளை விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினான். கயிறு உரஞ்சித் தோல் சிவந்து பொக்களித்திருந்தது. அவள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக் கிட்டவைத்துப் பார்த்தாள்.

“என்னைக் கோவிலாலை நீக்கிப்போட்டாங்கள்,” என்றான் அவன். “அன்ரெனாவும் இனி வராது. வளைஞ்சுபோச்சு.”

“என்னையும் நீக்கிப்போட்டாங்களோ?”

“உன்னைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை.”

“என்னைக் கனகாலத்துக்கு முன்னமே நீக்கிப்போட்டாங்கள்,” என்றாள் குணலட்சுமி. “எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வாங்கோ.”

அவன் கொண்டுவந்தான். அவள் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அவன் கையில் பூசினாள். பூசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வாற வெள்ளிக்குள்ளை கைப்புண் ஆறிப்போடும்,” என்றாள். “வாற வெள்ளியும் அடியுங்கோ.”